ஹாஷ் போட்ட வரிகள்

கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத்தான் தேர்வு அறைக்குள் போக வேண்டும் என்பது இந்தப் பருவத்தில் வந்த விதி. தலைமைக் கண்காணிப்பாளரின் மேசையில் ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு. அதில் வைப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். நாற்பத்தாறு. எங்கள் மென்பொருள் குழுவில் ஜெரால்டு போட்ட மன்னிப்புக் கடிதத்துக்குக் கீழே நாற்பத்தாறு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். காலையில் பல் தேய்க்கும்போது முப்பத்தெட்டாக இருந்தது. "என்ன மேடம், பிரிய மனசு வரலையா?" என்றார் தலைமைக் கண்காணிப்பாளர். கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். இப்போது பத்து ஐந்து. பதினான்காம் அறை. நாற்பது பேர், மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு, நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. ஒரு மணி வரைக்கும் நான் செய்யக்கூடியது நடப்பதும் நிற்பதும்தான். உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் பறக்கும் படை வரும்போது உட்கார்ந்திருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு போவார்கள். ஆக மூன்று மணி நேரம் இந்த மண்டைக்குள்ளேயே கிடக்க வேண்டும். "முழுப் பொறுப்பும் என்னுடையது." அவன் கடிதத்தின் முதல் வரி. தேர்தலில் தோற்ற கட்சித் தலைவனைப் போல. அதற்குக் கீழே, "அந்தப் பகுதியை எழுதியது நான். நஸ்ரீனுக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறேன்." நாற்பத்தாறு பேரில் ஒருவராவது நஸ்ரீன் யார் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: இப்படி வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் மனிதர்கள் அபூர்வம். இன்னொருவர் இரண்டு கைகளைக் குவித்துக் கும்பிட்டிருந்தார். என்னத்தைக் கும்பிடுகிறார்?

காலையில் வராந்தாவில் தெய்வானை மேடம் கேட்டார், "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு, வீட்ல ஏதாவதா?" கணிதத் துறை, எனக்கு அடுத்த அறை. ஒன்றுமில்லை என்றேன். சொல்வதாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? ஒருவிரல் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது மேடம், இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். கைகால் அசைக்க முடியாதவர்கள் ஒரே ஒரு பொத்தானை வைத்துத் தமிழில் எழுதுவதற்கு. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் இறங்கிவரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அழுத்தினால், அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் எழுத்து விழும். கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் இதே போல இன்னொரு சுற்று. வெளிச்சம் எவ்வளவு வேகமாக நகர வேண்டும், விரல் நடுங்கி இரண்டு முறை பட்டால் எதை ஒன்றாகக் கணக்கில் எடுக்க வேண்டும், இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் மாறும். அவையெல்லாம் அமைப்புக் கோப்பு என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் இருக்கும். அந்த எண்களைத் திரையில் காட்டி, மாற்ற விட்டு, சேமித்து, ஒருவிரலைக் கிளப்பி விடுகிற முன்நிரலுக்குப் பெயர் துவக்கி. ஒருவிரலை எழுதியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். துவக்கி மட்டும் எங்கள் இரண்டு பேருடையது. திருச்சியில் இந்தப் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநராக இருக்கும் நானும், சென்னையில் ஏதோ கம்பெனியில் இருக்கும் ஜெரால்டும். ஐந்து வருடத்தில் மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறோம். இவ்வளவையும் சொன்னால் தெய்வானை மேடம், சரி, இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க என்று கேட்பார். நியாயம்தான்.

மேலப்பாளையத்தில் இருக்கிறாள் நஸ்ரீன். முப்பத்தொரு வயது. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். வீட்டு வாசலில் மாட்டுகிற காலிங் பெல் சுவிட்சை அவள் அண்ணன் கழற்றி, கம்பி இழுத்து, அவள் கைக்கு அடியில் பொருத்திக் கொடுத்திருக்கிறான். அதுதான் அவளுடைய ஒரே பொத்தான். அமைப்புக் கோப்பில் ஹாஷ் குறி போட்டு ஆரம்பிக்கும் வரியை நிரல் படிக்காது, தாண்டிப் போய்விடும். அது மனிதர்கள் குறித்து வைத்துக்கொள்வதற்கு. நஸ்ரீன் இரண்டரை வருடமாக அங்கே எழுதி வந்திருக்கிறாள். எந்த விரல், எந்தத் தேதி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, ஏன். போன மாதம் ஒரு புது மருத்துவர் சொல்லியிருக்கிறார், எப்போதிலிருந்து எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தேதியோடு கொண்டு வா, அதைப் பார்த்துத்தான் புது மருந்து தரலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும். வியாழக்கிழமை போக வேண்டும். இன்று செவ்வாய். எல்லாம் கோப்பில் இருக்கிறது என்று அவள் இருந்திருக்கிறாள். போன வாரம் நாங்கள் புதுப் பதிப்பு வெளியிட்டோம். புதுத் துவக்கி கோப்பைத் திறந்து, எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கோப்பைப் புதிதாக, அழகாக, அகர வரிசையில் எழுதி வைத்தது. ஒரு வீட்டுக்குள் போய்ச் சாமான்களைப் பட்டியல் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தெருவில் கொட்டி, பட்டியலில் உள்ளதை மட்டும் திரும்ப அடுக்குவது மாதிரி. சனிக்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. "புது பதிப்பு போட்டேன். என் குறிப்பு எல்லாம் போச்சு. எண் மட்டும் இருக்கு. வியாழன் டாக்டர் கேட்பார். எங்கே இருக்கு." அவ்வளவுதான். அவளுடைய இப்போதைய வேகம் எனக்குத் தெரியும், இரண்டாயிரத்து இருநூறு, வரிசைக்கு இரண்டு நொடிக்கு மேல். அந்த ஐந்து வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதில் ஒரு வசவு இல்லை. ஒரு கேள்விக்குறிகூட இல்லை. கேள்விக்குறி கடைசி வரிசையில் இருக்கிறது, அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

"மேடம், கிராஃப் ஷீட்." மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை. கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மின்விசிறி நான்கில் ஒன்று சுற்றவில்லை, சரியாக நான் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ளது. புரட்டாசி போயும் புழுக்கம் போகவில்லை. முன்பக்கத்தில் பதிவெண் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் பாடக் குறியீட்டுக் கட்டத்தில் பிறந்த தேதியை எழுதியிருக்கிறான். "இதப் பாரு," என்கிறேன். "அய்யோ மேடம், பதட்டத்துல." "பதட்டம்னா மூச்சு விட மறந்துட்டியா? அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது." கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நாலைந்து தலைகள் நிமிர்ந்து குனிகின்றன. அவன்மேல் என்ன கோபம் எனக்கு? ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜெரால்டு கூப்பிட்டான். அதற்கு முன் இரண்டு மணி நேரம் நஸ்ரீனின் கணினியைச் சென்னையிலிருந்தே திறந்து, அழிந்ததை மீட்கிற வழியையெல்லாம் பார்த்திருக்கிறான். "அதே இடத்து மேலயே புதுசு எழுதியாச்சு. சுத்தமா இல்ல." அவன் குரல் களைத்திருந்தது. களைப்பும் எனக்கு எரிச்சலாக இருந்தது. "மன்னிப்புக் கேட்டுப் போட்டுட்டேன்," என்றான். "பார்த்தேன்." "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும்ல." "ஏத்துக்கிட்டா கைதட்டுவாங்க போல." அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு சொன்னான், "உங்களுக்கு வேணும்னா நீங்க எடுத்துக்குங்க பூங்கோதை. நான் ஒண்ணும் பிடிச்சு வெச்சுக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் வைத்துவிட்டேன். தட்டில் ரசம் சோறு ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு இங்கேயே, காதுக்குப் பின்னால் இருக்கிறது. பெருந்தன்மை. எவ்வளவு சுலபமாக வருகிறது சிலருக்கு. எவ்வளவு மலிவு.

பத்தே முக்காலுக்கு மணி அடித்தார்கள். இனி யாரையும் உள்ளே விடக் கூடாது, கொஞ்ச நேரத்தில் வருகைப் பதிவில் வராதவர்களைச் சிவப்பில் சுழிக்க வேண்டும். வராதவர்கள் இல்லை. நடக்கிறேன். ஜன்னல் வரை பதினொரு அடி, திரும்பி வர பதினொன்று. துவக்கியின் முதல் திரையை வரைந்தது நான். அது நஸ்ரீனுக்கெல்லாம் முன்பு. ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று கட்டம் போட்டேன். பெரிதாக 'தொடங்கு'. அதற்குக் கீழே வேகம். கடைசியில் சின்னதாக 'கோப்பைத் திற'. ஜெரால்டுக்கு அந்த மூன்றாவது பிடிக்கவே இல்லை. "கோப்பை எதுக்குத் திறக்கணும்? அதுக்குத்தான துவக்கி? வீட்டுக்குக் கதவு வெச்சுட்டு, பக்கத்துல சுவத்துல ஓட்டை போட்டு வெக்கிறீங்க." நான் சண்டை போட்டேன். மூன்று வாரம், தினமும் எழுதிச் சண்டை. ஒரு துவக்கி ஆளுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது, வழிவிட்டு விலக வேண்டும், அவர்களுடைய கோப்பு அவர்கள் கைக்கு எட்ட வேண்டும், ஒரே அழுத்தத்தில் எட்ட வேண்டும் என்று நான்தான் எழுதினேன். நல்ல வாக்கியங்கள். எனக்கே பிடித்த வாக்கியங்கள். ஜெயித்தேன். ஒரே அழுத்தத்தில் கோப்பு திறந்தது. வேறு எந்த நிரலைத் திறந்து குறித்து வைப்பதற்கும் முப்பது, நாற்பது அழுத்தம் வேண்டும். அதனால்தான் அவள் அங்கே எழுதினாள். கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரே காகிதம் அது. நான் வைத்த காகிதம். அதை நினைத்துச் சனிக்கிழமை கொஞ்ச நேரம் பெருமைகூடப் பட்டேன். வெட்கம் கெட்ட மனது, எந்த இடிபாட்டிலும் தனக்கு ஒரு நாற்காலி தேடும்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். பறக்கும் படையாக இருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை, இருந்தும் மேசையிலிருந்து விலகி நேராக நிற்கிறேன். சத்தம் தாண்டிப் போகிறது. கழிப்பறைக்குப் போகிற யாரோ. எதற்குப் பயந்தேன்? எங்கள் வேலையில் ஒவ்வொரு வரிக்கும் வரலாறு உண்டு. எந்த வரியை யார் எழுதினார்கள், எந்தத் தேதியில், எந்த நிமிடத்தில் என்று உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். அதைத் திறந்து பார்த்தால், கோப்பைப் புதிதாக எழுதும் அந்தப் பதினேழு வரிகளுக்குப் பக்கத்திலும் ஜெரால்டு, ஜெரால்டு, ஜெரால்டு என்றுதான் இருக்கும். ஞாயிறு காலையிலிருந்து நான் நாலு முறை திறந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ கொஞ்சம் தளர்ந்து கொடுத்தது. அதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன் போலிருக்கிறது. அவன் என்றைக்காவது வாயைத் திறப்பான் என்று பயம். திறக்கவே மாட்டான் என்பது அதைவிடப் பெரிய பயம். திறக்க மாட்டான். அவன் அப்படிப்பட்டவன். அதுதான் என்னால் தாங்க முடியாதது. முழங்கால் வலிக்கிறது. மேடையில் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடக்கிறது, காலால் தள்ளுகிறேன், அது உருண்டு போய் ஒரு பையன் தரையில் வைத்திருக்கும் பென்சில் பெட்டியில் முட்டி நிற்கிறது. அவன் என்னைப் பார்க்கிறான். நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

"மேடம்." மூன்றாவது வரிசை, கிராஃப் ஷீட் கேட்ட அதே பெண். இரட்டைப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள். "இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடட்டுமா மேடம்? வேற கணக்கைப் போட்டுட்டேன்." "கிழிக்கக் கூடாது. எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு பாரு. குறுக்கே ஒரு கோடு போட்டுட்டு அடுத்த பக்கம் போ." "அசிங்கமா இருக்கு மேடம்." "இருக்கட்டும்," என்றேன். சொன்ன பிறகு அங்கேயே நின்றேன். அவள் ஸ்கேல் வைத்து, பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேராகக் கோடு இழுத்தாள். கோட்டுக்கு அடியில் எல்லாம் அப்படியே தெரிந்தது. அசிங்கமா இருக்கு. அதே சொல். ஜூலை மாதம், புதன்கிழமை, கல்லூரி விட்டு வரும் வழியில் வண்டி பஞ்சர். தென்னூர்ப் பாலத்துக்கு அடியில் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை வரும் போல இருக்கிறது. ஜெரால்டு கூப்பிடுகிறான். "கோப்பைத் திரும்ப எழுதறப்ப ஹாஷ் போட்ட வரியை என்ன பண்றதுங்க? எந்த வரி எந்த எண்ணுக்குப் பக்கத்துல இருந்ததுன்னு ஞாபகம் வெச்சுத் திரும்ப வைக்கணும். ரெண்டு மூணு நாள் வேலை ஆகும். பண்ணட்டுமா?" பேருந்து ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொல்கிறேன். "அதெல்லாம் எதுக்கு? யாரும் அங்க எழுத மாட்டாங்க. கண்டதும் கிடக்கும், பார்க்கவே அசிங்கமா இருக்கும். அழிச்சிடுங்க." "நிச்சயமா?" "நிச்சயமா." நிச்சயமா என்று கேட்டான். கேட்டான். பதினேழு வரியையும் அவன் விரல் தட்டியது. அதைச் சொன்னது என் வாய். அது எந்த வரலாற்றிலும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் துடைத்துக்கொண்டே "ரெண்டு இடத்துல மேடம்," என்றார். எனக்கு அது நினைவிருக்கிறது. இரண்டு இடம். எல்லாம் நினைவிருக்கிறது. சனிக்கிழமை அவள் செய்தியைப் படித்த அந்தக் கணமே எல்லாம் நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்வதற்குக்கூட வழியில்லை.

சரி, தெரியாமல் சொன்னேன். யாரும் அங்கே எழுதுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். எண்களுக்கான கோப்பில் எவராவது நாட்குறிப்பு எழுதுவார்களா? இப்படி ஒரு வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்தபோது, ஆகஸ்ட் என்ற சொல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. போன வருடம் ஆகஸ்ட். நஸ்ரீன் ஒரு புகார் அனுப்பியிருந்தாள், ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது என்று. கோப்பை அனுப்புங்கள் என்றேன். அனுப்பினாள். திறந்தேன். கல்லூரி ஆய்வகத்தில், மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். கோப்பு நீளமாக இருந்தது. எண்களைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஒரு எண், பிறகு பச்சை நிறத்தில் ஹாஷ் போட்ட வரிகள் பத்துப் பன்னிரண்டு, பிறகு ஒரு எண், மறுபடி பச்சை. என் திரையில் ஹாஷ் வரிகள் பச்சையாகத் தெரியும். பச்சையைத் தாண்ட எங்களுக்குக் கண் பழகியிருக்கிறது, நிரல் எப்படித் தாண்டுமோ அப்படியே நாங்களும் தாண்டுவோம். திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எண்ணைக் கண்டுபிடித்து, இதை முந்நூறு ஆக்குங்கள் என்று எழுதி அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. அதாவது ஜூலையில் பாலத்துக்கு அடியில் நின்று யாரும் அங்கே எழுத மாட்டார்கள் என்று சொன்னபோது, எழுதுகிற ஒருத்தியின் கோப்பை நான் என் கண்ணாலேயே பார்த்து முடித்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. நின்றுவிட்டேன். கரும்பலகையில் நானே எழுதிய நேரம், பதினொன்றரை, அழிக்காமல் இருக்கிறது. இப்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கோபம் இன்னும் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் அதைப் போய் யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஜெரால்டு மேல் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. நாற்பத்தாறு பேர் மேல் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மெல்ல, வேறொன்று புரிந்தது. அந்தக் கோப்பு என் அஞ்சலில் இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை, என்னுடையதை மட்டும். போன வருடம் ஆகஸ்ட் வரைக்கும் அவள் எழுதியது முழுக்க இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து மூன்று நாள் இருந்திருக்கிறது. மூன்று நாளும் நான் கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஐம்பது நிமிடம். கைப்பேசி தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. ஓடிப்போய் எடுக்க முடியாது, அறையை விட்டுப் போக முடியாது. வெளிச்சம் தன் வரிசைக்கு வருவதற்காகக் காத்திருப்பது இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதை உடனே விரட்டினேன். இல்லை. எனக்கு ஐம்பது நிமிடம், ஒரு நாள். பெரிய ஒப்புமை ஒன்றும் வேண்டாம். பன்னிரண்டு ஐம்பதுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. "பேரு, பதிவெண் ஒருமுறை பாத்துக்குங்க," என்றேன், ஒவ்வொரு வரிசையிலும் நின்று. ஒரு மணிக்கு விடைத்தாள்களை வாங்கினேன். இரட்டைப் பின்னல் பெண்ணின் தாளில் அந்தக் கோடு போட்ட பக்கம் விசிறிக் காற்றில் தானாகத் திறந்தது. பதிவெண் வரிசைப்படி அடுக்கி, எண்ணி, மறுபடி எண்ணி, நாற்பது, கட்டி, கொண்டுபோய் ஒப்படைத்தேன். தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். தலைமைக் கண்காணிப்பாளர் ஏதோ சொன்னார். சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. அங்கே நின்று, போன ஆகஸ்ட் என்று தேடினேன். இருந்தது. கைப்பேசித் திரையில் பச்சை இல்லை, எல்லாம் ஒரே கறுப்பு. அதனாலோ என்னவோ இந்த முறை படிக்க முடிந்தது.

# 3 பிப். 600 ரொம்ப வேகம். 700.
# 19 ஏப். ஆள்காட்டி விரல் தூங்குது. நடுவிரல். 850.
# 2 ஜூன். இன்னைக்கு நல்லா இருக்கு. 800 போட்டுப் பார்த்தேன். முடியல.
# 11 ஆக. கன்னத்துக்கு மாத்தலாமான்னு அண்ணன் கேட்டான். இன்னும் இல்ல. 1100.

இப்படி எழுபது எண்பது வரி. 2 ஜூன் வரியை இரண்டு முறை படித்தேன். கோப்பை அவளுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: நஸ்ரீன், போன வருடம் ஆகஸ்டில் நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பு இது. அதுவரைக்கும் உள்ள குறிப்புகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு உள்ளவை எங்கேயும் இல்லை, திரும்பக் கிடைக்காது. அவற்றை அழித்துவிடச் சொன்னது ஜெரால்டு இல்லை. அவர் என்னிடம் கேட்டார். நான் அழிக்கச் சொன்னேன். உங்கள் குறிப்புகள் அங்கே இருப்பதை நான் பார்த்திருந்தேன், படிக்கவில்லை. இதற்கு அடுத்ததாக இன்னும் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தேன், வேண்டுமென்று செய்யவில்லை என்பது போல. அவற்றை எடுத்துவிட்டு அனுப்பினேன். ஜெரால்டின் கடிதத்துக்குக் கீழேயும் இதையே ஒட்டினேன். அங்கே இப்போது ஐம்பத்திரண்டு. உடனே அவனிடமிருந்து வந்தது, "எதுக்குங்க இதெல்லாம்?" இன்னொன்று, "சாப்பிட்டீங்களா?" நஸ்ரீன் படித்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் வந்தது. பிறகு, தட்டச்சு செய்கிறார் என்று வந்தது. மறைந்தது. வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் இருபத்தைந்து நொடி, அதனால் வந்து வந்து மறையும். "பூங்கோதை மேடம், வாங்க, சாப்பாடு ஆறுது. இன்னைக்கு வத்தக்குழம்பு," என்று தெய்வானை மேடம் படியிலிருந்து கூப்பிட்டார். "நீங்க சாப்பிடுங்க மேடம்." "இந்த வெயில்ல அங்க என்ன பண்றீங்க?" "ஒரு பதில் வரணும்." "உக்காந்துகிட்டே பாக்கலாம்ல." பார்க்கலாம்தான். போகவில்லை. நிழல் என் காலிலிருந்து நகர்ந்து போயிருந்தது. அவள் என்ன எழுதிக்கொண்டிருப்பாள் என்று யோசித்தேன். பரவாயில்லை என்று எழுதுகிறாளோ? அது ஆறு எழுத்து, இரண்டரை நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. திட்டுகிறாளோ? திட்டட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன். எட்டு நிமிடம். பத்து. வாசலில் வினாத்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டே பிள்ளைகள் போய்விட்டார்கள். பதின்மூன்றாவது நிமிடத்தில் வந்தது. எனக்கு எழுதியது இல்லை அது. அவள் தன் கோப்பைத் திறந்து, பழைய குறிப்புகளைத் திரும்ப வைத்துவிட்டு, அதற்கு அடியில் சேர்க்கப்போகிற வரி. எனக்குக் காட்டினாள், அவ்வளவுதான்.

# பதினாலு மாதம் குறிப்பு இல்லை. அழித்தது பூங்கோதை.

இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மருத்துவருக்கு அது போதும். என் பெயரில் நான்கு எழுத்து, நான்குக்கும் கொம்போ காலோ சுழியோ புள்ளியோ உண்டு. எழுத்துக்கு நான்காக, மொத்தம் பதினாறு அழுத்தம்.